கூரையின் பிழை எங்கே?

கூரை என்பது நிலைத்து நிற்பது. அசையாமல் நிற்றலே அதற்கு அழகு. ஓலை வேய்ந்ததாயினும் ஆகுக, ஓடு வேய்ந்ததாயினும் ஆகுக, காற்றுக்கு அசைந்த கூரையை நல்ல கூரை என்று எவரும் சொல்வதில்லை. ஆயின் உலகத்தில் வேறொரு கூரையும் உண்டு. அஃது எழுதல் வேண்டும், பின்வாங்குதல் வேண்டும், மடிதல் வேண்டும், இருந்த இடம் தெரியாமல் ஒளிதல் வேண்டும். மறுபடி அழைத்தபோது வந்து, மழைத்துளி ஒன்றுதானும் உட்புகாவண்ணம் மூடுதலும் வேண்டும். கார் கண்டு மூடுகின்ற கார்! அதன் மடிகூரையைப் பற்றியே இங்கே சில சொல்லப்புகுகின்றேன்.

இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்கு மோட்டார்க் காரின் கூரையோடு என்ன வழக்கு என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. பிழை காணுதல் என் தொழில். பிழை தோன்றும் இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் வேறொன்று என்பதனை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றேன். மாணாக்கன் எழுதிய வெண்பாவிலே நான்காம் சீர் தளை தட்டும். அவன் நான்காம் சீரையே மாற்றி மாற்றி எழுதுவான். தட்டியது நான்காம் சீர்தான். ஆனால் இரண்டாம் சீரைப் பிரித்தபோதே பிழை பிறந்துவிட்டது. இந்த உண்மையை எழுத்திலன்றி இரும்பிலும் துணியிலும் எண்ணெயிலும் காணும் வாய்ப்பு எனக்குக் கனடா தேசத்திலே கிடைத்தது. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் என் தமக்கையின் மகன் ஒரு கராஜ் வைத்திருக்கின்றான். பழங்கார்களைப் பழுது பார்த்தல் அவன் தொழில். ஒரு கோடைகாலம் முழுவதும் அங்கே தங்கியிருந்தேன். கண்டதும் கேட்டதும் பின்னர்க் கற்றதுமே இக்கட்டுரை.

பெயரில் ஒரு மயக்கம்

முதலிற் பெயரைத் தெளிந்துகொள்வோம். நம் நாட்டுப் பழைய மோட்டார் ஓட்டிகள் மடிகூரையை ‘ஹூட்’ என்பர். அஃது ஆங்கிலேயர் வழக்கு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அமெரிக்கர் ஒருவரிடம் போய், ‘ஹூட்டைத் திறவுங்கள்’ என்றால், அவர் இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து காட்டுவார். நாம் ‘பொனற்’ என்பது அவருக்கு ‘ஹூட்’. கூரையை அவர் ‘ரொப்’ என்பர். ஒரே மொழி, ஒரே சொல், பொருள் இரண்டு. பழுது பார்க்கும் புத்தகத்தைத் திறப்பவர், அது கடலின் எந்தக் கரையில் எழுதப்பட்டது என்று முதலில் அறிதல் நன்று.

யாழ்ப்பாணத்தார்க்குப் பழங்கார் புதுப்பொருளன்று. ஒஸ்ரினையும் மொறிஸையும் பேணி வந்த கைகள் நம்முடையன. 1990களிலே பெற்றோல் கிடையாத காலத்தில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகளும் நம்முடையனவே. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் மடிகூரை உடைய வகை ஒன்றும் இருந்தது. ஆயின் அதன் கூரையைக் கையினாலேயே மடித்தல் வேண்டும். யான் சொல்லப்புகுந்தது, ஓர் ஆளியை அழுத்தினால் தானே எழுந்து தானே மடியும் கூரையை. அதன் பிறந்தகம் மேல்நாடு, வளர்ந்தகம் அமெரிக்கா.

தானே மடிந்த வரலாறு

1930களின் நடுப்பகுதியிலே பிரான்சு தேசத்தில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. துணிக்கூரை அன்று, உருக்குத் தகட்டாலான முழுக்கூரையே எழுந்து பின்னே சென்று பெட்டிக்குள் இறங்கியது. பீஜோ கம்பனியார் அதனை வெளியிட்டனர். ‘கிரகணம்’ என்னும் பொருளுடைய பெயரை அதற்குச் சூட்டினர். பெயர் பொருத்தமானதே, மறைதலும் வெளிப்படுதலும் கிரகணத்தின் இயல்பு அன்றோ? அதனை அமைத்தவர் ஜோர்ஜ் போலன் என்பவர். அவர் பல் வைத்தியர். பல்லின் பொருத்தத்தை மயிரிழை அளவில் நோக்கிய கண், கூரையின் பொருத்தத்தையும் நோக்கியது போலும். இரண்டாம் உலகப்போரிலே தம் நாட்டைக் கைப்பற்றிய ஜேர்மனியருக்கு எதிராக இரகசியமாகப் பணியாற்றினார். அகப்பட்டுக்கொண்டார். 1942இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மடிகூரையின் வரலாற்றிலே மடியாத நெஞ்சுடைய ஒருவரும் இருந்தார் என்பதனை அறிந்தபோது, யான் அந்தக் கூரையை வேறு கண்ணால் நோக்கினேன்.

அமெரிக்காவிலே 1939ஆம் ஆண்டின் பிளிமத் கார் துணிக்கூரையை இயந்திர விசையால் இயக்கி விற்பனைக்கு வந்தது. இயந்திரம் ஓடும்போது அதனுள் எழுகின்ற உறிஞ்சு விசையே அந்தக் கூரையை ஏற்றி இறக்கியது. போர் முடிந்தபின் இந்த முறை மறைந்தது. மின்மோட்டாரும் எண்ணெய் அமுக்கமும் அதன் இடத்தைப் பிடித்தன. 1957 முதல் 1959 வரை போர்ட் கம்பனியார் ‘ஸ்கைலைனர்’ என்னும் வண்டியிலே உருக்குக் கூரையையே பின்பெட்டிக்குள் இறக்கிக் காட்டினர். அந்த வித்தைக்காக ஒரு வண்டிக்குள் ஓடிய மின்கம்பி 600 அடிக்கு மேல். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 48,000 வண்டிகள் செய்து நிறுத்திவிட்டனர். துணிக்கூரையோ எளிமையினால் நிலைத்தது.

1964 ஏப்பிரலில் போர்ட் கம்பனியாரின் ‘மஸ்ராங்’ நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே அறிமுகமாயிற்று. 1965ஆம் ஆண்டு வகையில் மடிகூரை வண்டிகள் மட்டும் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல். அவ்வளவு விருப்பம் இருந்தும் அடுத்த பத்தாண்டுகளில் மடிகூரைக்கு இறங்குகாலம் வந்தது. 1976இல் கடிலாக் எல்டொறாடோவை, அமெரிக்காவின் கடைசி மடிகூரைக் கார் என்று சொல்லி விற்றனர். கடைசி என்றது கடைசியாகவில்லை. 1982இல் கிறைஸ்லர் கம்பனியார் மீண்டும் தொடங்கினர். ஆயினும் பழையன பழையனவே. அவற்றைப் பேணுவோர் வட அமெரிக்கா எங்கும் உளர்.

உள்ளே நடப்பது என்ன?

கூரையின் எலும்புக்கூடு இரும்பு. குறுக்கே வில் போல் வளைந்த சட்டங்கள். பக்கங்களிலே கத்தரிக்கோல் போல் மடியும் கரங்கள். அவற்றின்மேற் போர்த்தியது துணி. பின்னிருக்கையின் இருபுறத்தும், உடற்தகட்டின் மறைவிலே, கைக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு. தண்டு வெளியே நீண்டால் கூரை எழும். உள்ளே சுருங்கினால் கூரை மடியும். பின்னிருக்கையின் பின்னே மின்மோட்டார் ஒன்றும், அதனோடு கூடிய பம்பியும், எண்ணெய்க் குடுவையும் உள்ளன. பம்பியிலிருந்து சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு குழாய்; ஆக நான்கு குழாய்கள்.

ஆளியை ஒருபுறம் அழுத்தினால் மோட்டார் ஒரு திசையிற் சுழலும். எண்ணெய் சிலிண்டர்களின் அடிக்குச் சென்று தண்டை வெளியே தள்ளும். மறுபுறம் அழுத்தினால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும். எண்ணெய் தலைப்பக்கம் சென்று தண்டை உள்ளே அழுத்தும். ஒருபக்கம் போன எண்ணெய், மறுபக்கத்தினின்று திரும்பி வரும். இவ்வளவே தத்துவம். கொடுக்கலும் வாங்கலும் சமமாயிருக்கும் வரையில் குறையில்லை.

எந்த எண்ணெய் என்பது பெரிய வினா. 1940களிலும் 50களிலும் வந்த வண்டிகள் பலவற்றிலே பிறேக் எண்ணெயையே ஊற்றினர். அஃது இரண்டு தீக்குணம் உடையது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் உள்ளிரும்பு துருப்பிடிக்கும். வெளியே ஒழுகினால் பூசிய வர்ணத்தை உரித்துவிடும். பின்வந்த வண்டிகளில் தன்னியக்கக் கியர்ப்பெட்டிக்கு ஊற்றும் செந்நிற எண்ணெய் வழக்காயிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு வகை எண்ணெய்க்கென்று அமைந்த றப்பர் வளையங்கள் மற்றதனைத் தாங்கமாட்டா. பிறேக் எண்ணெய்க்குரிய றப்பரிலே கியர் எண்ணெய் பட்டால், அஃது ஊறிப் பருத்து உருக்குலையும். உள்ளே இருப்பது எது என்று அறியாமல் ஒரு துளியும் ஊற்றலாகாது. வண்டியின் கைந்நூல் சொன்னதே பிரமாணம்.

எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கூரை எழுந்தபோது தண்டுகள் வெளியே நிற்கும். மடிந்தபோது உள்ளே கிடக்கும். உள்ளே கிடக்கும் தண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும் அன்றோ? ஆகவே இரண்டு நிலையிலும் குடுவையில் மட்டம் ஒன்றாயிராது. எந்த நிலையிற் பார்க்க வேண்டும் என்று கைந்நூல் சொல்கின்றதோ அந்த நிலையிலேயே பார்த்தல் வேண்டும். புதிதாக எண்ணெய் ஊற்றியபின் கூரையைப் பலமுறை ஏற்றி இறக்கினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும். காற்று இருக்கும் வரையில் பம்பி இரையும். கூரை விக்கி விக்கி எழும்.

நோயும் நோய்முதலும்

என் மருமகன் பழுது பார்க்கும் முறையிலே என் கருத்தைக் கவர்ந்தது அதன் ஒழுங்கு. கருவியை எடுக்குமுன் கண்ணையும் காதையும் எடுத்துக்கொள்வான். ஆளியை அழுத்திவிட்டுக் கேட்பான்.

மோட்டார் மௌனமாயிருந்தால் நோய் மின்சாரத்தில். பற்றரி சோர்ந்திருக்கலாம். வயரின் நுனி துருப்பிடித்திருக்கலாம். மோட்டாரை வண்டியின் உடலோடு இணைக்கும் வயர் தளர்ந்திருக்கலாம். ஆளியே தேய்ந்திருக்கலாம். இம்மோட்டார் மிகுந்த மின்னை உண்பது. மெல்லிய துருவும் அதற்குப் பெரிய தடை. ஆதலால் இயந்திரத்தை ஓடவிட்டு, பற்றரிக்குத் துணைசெய்து கூரையை இயக்குதல் நல்ல வழக்கம்.

மோட்டார் இரைந்தும் கூரை அசையாதிருந்தால், நோய் எண்ணெயிலோ பம்பியிலோ எலும்புக்கூட்டிலோ இருக்கும். பின்னிருக்கையை எடுத்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தால், ஒழுகிய இடத்தை ஈரம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் தண்டு வெளியே வரும் வாயிலிலேதான் சிலிண்டர் ஒழுகும். ஒன்று ஒழுகினால் இரண்டையும் மாற்றுவதே வழக்கு. இரண்டும் ஒரே வயதின அல்லவா?

ஒருபக்கம் முந்தியும் ஒருபக்கம் பிந்தியும் எழுமாயின் உடனே நிறுத்துதல் வேண்டும். ஒரு சிலிண்டர் தளர்ந்திருத்தல் கூடும். ஒரு கரம் இறுகியிருத்தலும் கூடும். அந்நிலையில் அழுத்திக்கொண்டே இருந்தால் சட்டம் முறுகும். முறுகிய சட்டத்தை நேராக்குதல் எளிதன்று.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை ஒன்றுண்டு. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. சிலிண்டர்த் தண்டுகளைச் சட்டத்தினின்று கழற்றிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக இருவர் நின்று, கூரையைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்ப்பதே அது. கையால் எளிதில் இயங்கினால் எலும்புக்கூடு நன்று. குற்றம் எண்ணெய் வழியில். கைக்கும் இயங்கவில்லையேல், புது மோட்டார் வாங்குவது வீண்செலவு. இந்தச் சோதனையைச் செய்யாமலே மோட்டார், பம்பி, சிலிண்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காசு கொடுத்தோர் பலர் என்று அவன் சொன்னான்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தரிக்கோல் போன்ற கரங்களின் இடையே விரலை வைக்கலாகாது. குழாயைக் கழற்றுமுன் கூரைக்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். எண்ணெய் வெளியேறினால் தாங்கி நின்ற பாரம் தலைமேல் விழும். பற்றரியின் தொடர்பையும் முன்னரே நீக்கிவிடுதல் வேண்டும்.

துணியின் தருமம்

மேற்போர்வை இருவகை. ஒன்று வைனில், நம்மவர் றெக்சீன் என்று பொதுவாகச் சொல்லும் இனத்தது. மற்றது துணி, வெளியே நெய்த துணியும் உள்ளே நெய்த துணியும் நடுவே றப்பருமாக மூன்று படை கொண்டது. எதுவாயினும் அதற்கு மூன்று பகை: வெயில், ஈரம், அவசரம்.

நனைந்த கூரையை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தையல் நூல் உளுத்துப்போகும். பின்புறத்துப் பிளாஸ்ரிக் கண்ணாடிக்குச் சிப் வைத்திருந்தால், அதனைத் திறந்து தளர்த்திவிட்டே மடித்தல் வேண்டும். இல்லையேல் தழும்பு விழும். மடிந்த கூரை சென்று கிடக்கும் தொட்டியிலே குடையும் சப்பாத்தும் கிடத்தல் ஆகாது. கூரை இறங்கும்போது அவை துணியைக் கிழிக்கும், சட்டத்தையும் வளைக்கும். முன்கண்ணாடியின் மேலுள்ள கொளுக்கிகளைக் கழற்றாமல் ஆளியை அழுத்துவார் சிலர். எண்ணெய் அமுக்கம் இரக்கம் அறியாது. எல்லைக்கு வந்தபின்னும் ஆளியை அழுத்திக்கொண்டிருப்பதும் மோட்டாருக்குச் செய்யும் கொடுமையே.

புதுத்துணி போர்த்துதல் குஷன் வேலை அறிந்தவரின் தனிக்கலை. பழைய துணியைக் கிழித்து எறியமாட்டார் அவர். மெல்லக் கழற்றி வைத்துக்கொள்வார். அதுவே புதியதற்கு ஏடு. பின்வில் உடலினின்று எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதனை அளந்த பின்பே ஆணி தொடுவார். அந்த ஓர் அளவு தவறினால் முன்னே கொளுக்கி எட்டாது. அல்லது துணி தொய்யும். வைனில் குளிரில் விறைக்கும்; வெப்பத்தில் இளகும். ஆகவே வெதுவெதுப்பான இடத்திலேயே போர்த்துவர். போர்த்தியபின் சில நாளைக்குக் கூரையை மடிக்காமல், கொளுக்கி மாட்டியபடியே விட்டுவைப்பர். துணி தன் வடிவத்தைப் படிக்க அந்த அவகாசம் வேண்டும். பனிக்காலம் முழுவதும் வண்டியை நிறுத்தி வைப்போரும், கூரையை மடித்து வையாமல் உயர்த்தியே வைத்தல் நன்று.

மெய் சொன்ன கூரை

இனி யான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன்.

1965ஆம் ஆண்டு மஸ்ராங் வண்டி ஒன்று கராஜுக்கு வந்தது. உடையவர் ஓய்வுபெற்ற ஒரு கனேடியர். தந்தையார் வாங்கிய வண்டி. கோடைகாலத்திலே பேத்தியை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது அவர் வழக்கம். கூரை எழும், முன்னே வரும், ஆனால் கொளுக்கி பொருந்தாது. வேறோரிடத்திலே புது மோட்டார் போட்டார்கள். பிறகு இரண்டு சிலிண்டர்களையும் மாற்றினார்கள். அப்பொழுதும் பொருந்தவில்லை. முடிவில், கூரையின் முனையிலுள்ள முளை இறங்க வேண்டிய துளையை அரத்தால் அராவி அகலமாக்கினார்கள். சில மாதம் பொருந்தியது. மறுபடி பொருந்தவில்லை. இனிச் சட்டத்தையே வெட்டிக் குறுக்க வேண்டும் என்றார்களாம்.

என் மருமகன் தண்டுகளைக் கழற்றினான். இருபுறமும் இருவர் நின்று கையால் ஏற்றினர். கூரை பூப்போல எழுந்தது. முன்கண்ணாடியின் சட்டத்தைத் தொட்டது. தொட்டதோடு நில்லாமல் சிறிது முந்தியும் நின்றது. கூரை நீண்டுவிட்டதா? இரும்பு எப்படி நீளும்? அவன் கூரையை விட்டுவிட்டுக் கதவருகே சென்று குந்தினான். கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள வெளி, கீழே அகன்றும் மேலே நெருங்கியும் இருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னான்:

“மாமா, கூரை பொய் சொல்லேல்லை. கீழை பாருங்கோ.”

வண்டியைச் சரியான இடங்களிலே தாங்கி உயர்த்திக் கீழே பார்த்தோம். கதவுகளின் அடியிலே நீளமாக ஓடும் பெட்டி போன்ற இரும்பு, துருவினால் அப்பளம் போல் உதிர்ந்தது. ஒன்ராறியோவிலே பனிக்காலத்தில் வீதி வழுக்காதிருப்பதற்கு உப்பைத் தூவுகின்றார்கள். அந்த உப்புநீர் பல ஆண்டுகளாக அடியிரும்பைத் தின்றிருந்தது. கூரையின் மழைநீர் வடிந்துபோகும் துளைகளும் சருகினால் அடைபட்டிருந்தன. போக வழியற்ற நீர் உள்ளேயே தங்கிற்று. வெளியே உப்பு, உள்ளே நீர்.

இதன் காரணத்தை அவன் விளக்கினான். மூடிய காருக்கு உருக்குக் கூரையும் ஓர் எலும்பு. பாரத்தை அதுவும் தாங்கும். மடிகூரைக் காருக்கு அந்த எலும்பு இல்லை. ஆகவே அதனைச் செய்தோர் தளத்தையும் பக்கத்து அடியிரும்பையும் மிகுதியாக வலுப்படுத்தி வைத்தனர். கூரை இல்லாத குறையைத் தரை தீர்த்துவைத்தது. அந்தத் தரை உளுத்ததும் வண்டி நடுவே தொய்ந்தது. நடு தொய்ந்தால் முன்கண்ணாடியும் பின்பகுதியும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இடைவெளி குறுகும். குறுகிய இடத்திலே குறுகாத கூரை எப்படிப் பொருந்தும்?

யான் திகைத்துப்போனேன். அந்த வண்டியிலே மோட்டார் குற்றம் சொல்லவில்லை. பளபளத்த வர்ணம் குற்றம் சொல்லவில்லை. நோய் முற்றிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதனை உடையவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது கூரை ஒன்றே. அதனையே குற்றவாளி என்று கருதினார்கள். துளையை அராவி அதன் வாயை அடைத்தார்கள். சட்டத்தையும் வெட்டிக் குறுக்கியிருப்பார்களாயின் கூரை அழகாகப் பொருந்தியிருக்கும். பாட்டனாரும் பேத்தியும் உளுத்த தரையின்மேல், ஓர் ஐயமுமின்றி, நெடுஞ்சாலையிலே போய்க்கொண்டிருப்பர். பொருந்தாத கூரை அவர்களைக் காப்பாற்றியது.

செய்ய வேண்டியது நீண்ட வேலை. வெட்டுமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டங்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, உடல் மேலும் தொய்யாதபடி நிறுத்தினார்கள். கதவு வெளி மேலும் கீழும் ஒத்துவரும்வரை மெல்ல மெல்ல உயர்த்தினார்கள். உளுத்ததை வெட்டி நீக்கிப் புதிய இரும்பைப் பொருத்தினார்கள். நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட்டார்கள். அராவப்பட்ட துளையை அடைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பல கிழமை சென்றது. கூரையின் எலும்புக்கூட்டில் ஓர் ஆணியையும் மாற்றவில்லை. எல்லாம் முடிந்தபின் ஆளியை அழுத்தியபோது கூரை எழுந்து, முன்வந்து, தன் இடத்தில் அமர்ந்தது. கொளுக்கி ஒரு விரலுக்கு அடங்கிற்று. உடையவர் அதனை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினார். ஒன்றும் பேசவில்லை.

அறியத்தக்கது

பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனை மினுக்கி வைத்தல் அன்று. அது சொல்வதைக் கேட்டல். எந்தப் பொருளும் கெடுமுன் ஏதோ ஓர் உறுப்பினால் அறிவிக்கும். அறிவிக்கும் உறுப்பு பெரும்பாலும் கெட்ட உறுப்பாயிருப்பதில்லை. வீட்டிலே கதவு இறுகினால் கதவைச் சீவுவோம்; அத்திவாரம் இறங்கியதோ என்று பாரோம். பிள்ளை பாட்டைப் பிழையாகச் சொன்னால் நாவைக் கண்டிப்போம். அவனுக்குக் காதில் எப்படி விழுந்தது என்று கேளோம். பொருந்தவில்லை என்ற சொல் எங்கிருந்து எழுந்தாலும், எழுந்த இடத்தை அராவுவது எளிது. அந்த எளிய வேலைக்கு அரம் ஒன்றே போதும்.

மடிகூரைக் கார் வைத்திருப்பவர் நம் நாட்டிலே சிலரே இருப்பர். ஆயினும் மழைநீர் போகும் துளைகளை ஆண்டுக்கொரு முறை திறந்துவிடுதல் என்ற விதி எல்லோர்க்கும் உரியது. சருகை எடுப்பதற்குச் சிறு கம்பி போதும், நேரம் கால்மணி. இதனைச் செய்தவருடைய தரை உளுப்பதற்கு ஒரு காரணம் குறையும். தரை உளுக்காதவரையில் கூரையைப் பற்றிக் கவலை இல்லை. அஃது எழுக என்றால் எழும். மடிக என்றால் மடியும்.